இனிஷியல் இல்லாத கதெரீனா

வருடத்தில் இரண்டு வாரம் நான் கதெரீனா. அவள் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில், ஆர்னோ ஆற்றை ஒட்டிய சாயக்காரர் தெருவில் குடியிருக்கிறாள். பட்டு நூல் சுற்றுவது அவள் வேலை. வயது 25, நடக்கும் ஆண்டு 1488. கணவன் பியெரோ கம்பளித் துணிக்கு நீலச் சாயம் போடுகிறவன்; மணிக்கட்டு வரை அவன் கை நீலம். அவளை நீங்கள் எந்த வரலாற்றிலும் தேட முடியாது. நான் உண்டாக்கியவள் அவள். நாலு வருடமாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறேன்.

அமெரிக்காவில் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. உறுப்பினர்கள் சுருக்கமாக எஸ்சிஏ என்பார்கள். 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுப் பின்தோட்டத்து விருந்தில் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உலகத்தின் சமையல், நெசவு, இசை, எழுத்து, வாள்சண்டை எல்லாவற்றையும் படிப்பதோடு நிற்காமல் கையால் செய்து பார்க்கிறவர்களின் கூட்டம் இது. இவர்களின் பெரிய கூடுகை பென்சிக். பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்கே ஸ்லிப்பரி ராக் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒவ்வொரு கோடையிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பெர்சோனா உண்டு. அதாவது, நீங்கள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் யாராக இருந்திருப்பீர்கள் என்று நீங்களே கட்டி எழுப்பிய ஒரு ஆள். நிஜமாக வாழ்ந்த புகழ்பெற்றவரின் பெயரை எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டங்களையும் சும்மா சூட்டிக்கொள்ள முடியாது; அந்த அமைப்புக்குள் உழைத்துத்தான் பெற வேண்டும்.

இதெல்லாம் முதல் வருடம் எனக்குத் தெரியாது. மறுமலர்ச்சிக் காலம் என்றால் மனதில் வந்தது ஓவியங்களில் பார்த்த சீமாட்டிகள்தான். இணையத்தில் ஒரு சிவப்பு வெல்வெட் கவுன் வாங்கினேன். பாலியெஸ்டர் வெல்வெட், உள்ளே நைலான் லைனிங். ஆகஸ்ட் மாத வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். காற்றுப் போக வழியில்லாத துணி. கண் இருட்டி, அடுத்த கூடாரத்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே இருந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். லினன் துணியைத் தண்ணீரில் நனைத்து என் பிடரியில் போட்டார். மண் குவளையில் தண்ணீர் கொடுத்தார். நான் தெளிந்த பிறகு, அந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "நீங்கள் யார்?"

"ஃபுளோரன்ஸ் நகரத்து டச்சஸ்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "சரி. இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? அதை யார் சமைத்தார்கள்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி கூடாரத்தில் படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் என் பதிலின் முழுத் தவறு விளங்கியது. 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் ஒரு குடியரசு. மெடிச்சி குடும்பம் திரைக்குப் பின்னால் நின்று ஆட்டி வைத்தாலும், அந்த நகரத்துக்கு டியூக் என்று ஒருவர் வந்தது 1532இல்தான். நான் போட்டுக்கொண்டிருந்த உடையின் காலத்தில் அந்த ஊரில் டச்சஸ் என்று ஒருத்தி இருந்திருக்கவே முடியாது.

ஆனால் ஊர் திரும்புவதற்கு முன்பே, மயங்கி விழுந்த மறுநாள், அந்த அம்மாவிடம் போய், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன். உடையிலிருந்து தொடங்காதே, வேலையிலிருந்து தொடங்கு என்றார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அவள் கை என்ன செய்கிறது என்பதை முடிவு செய். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

கை என்ன செய்கிறது என்று யோசித்தபோது எனக்கு என் பாட்டியின் கை ஞாபகம் வந்தது. ஆரணியில் எங்கள் தாத்தா தறி ஓட்டினார். பாட்டி தார் சுற்றுவார், அதாவது தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் சுற்றுவார். ராட்டையைச் சுற்றும் வலது கையைவிட, நூலை வழிவிடும் இடது கையில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில், முதல் கணுவுக்கு மேலே, நூல் ஓடி ஓடி ஒரு கோடு விழுந்திருக்கும். சமைக்கும்போது அந்தக் கோட்டில் மஞ்சள் ஏறிவிடும், தேய்த்தாலும் போகாது.

ஃபுளோரன்ஸில் அந்தக் கோடு இருந்ததா? தேடினேன். இருந்திருக்கும். அந்த நகரத்தின் செல்வம் முதலில் கம்பளியில், அப்புறம் பட்டில் வந்தது. காஸ்பியன் கடலோரத்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் தெற்கு இத்தாலியிலிருந்தும் கச்சாப் பட்டு வரும். பட்டு வணிகர் அதை எடை போட்டு, வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களிடம் கொடுப்பார். அவர்கள் அதை உருளைகளில் சுற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். மறுபடி எடை. கழிவு எவ்வளவு என்று கணக்கு. பிறகு முறுக்கேற்றுவது, சோப்புத் தண்ணீரில் அவித்துப் பசை நீக்குவது, சாயம், மறுபடி சுற்றுவது, பாவு, தறி. வெல்வெட் மாதிரி விலை உயர்ந்த நெசவு பெரும்பாலும் ஆண்கள் கையில்; சுற்றும் வேலையும் சாதாரணப் பட்டு நெசவும் பெண்கள் கையில். எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குவதைப் படித்தபோது எனக்கு அந்தத் தராசே கண்ணில் தெரிந்தது. பாட்டி வீட்டிலும் அதே நடைமுறைதான். இரண்டு ஊருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் பட்டு என்கிற பொருள் எந்த ஊரில் இருந்தாலும், அதைத் தொடுகிறவளை முதலாளி சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

ஆக, வேலை கிடைத்துவிட்டது. அடுத்தது பெயர். இதற்கு ஃபுளோரன்ஸ் போல வசதியான ஊர் கிடையாது. 1427இல் அந்த அரசு வரி போடுவதற்காக ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. கதாஸ்தோ என்று பெயர். சுமார் 60,000 குடும்பங்கள். யார் வீட்டில் யார், என்ன வயது, என்ன சொத்து, என்ன கடன், எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனபோது, நம் ஊர் ரேஷன் கார்டைப் பார்ப்பது போலவே இருந்தது. பெயருக்குப் பின்னால் 'தி' என்று போட்டு அப்பா பெயர் வரும். ஜொவான்னியின் மகள் என்றால் 'தி ஜொவான்னி'. கிட்டத்தட்ட நம் இனிஷியல். பெரிய குடும்பத்துக்காரர்களுக்குத்தான் குடும்பப் பெயர். மற்றவர்களுக்கு அப்பா பெயர்தான், ரொம்பப் போனால் தாத்தா பெயரும்.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அப்பா பெயர் தெரியாதவர்கள் என்ன செய்தார்கள்?

அந்தக் கேள்வி என்னை இன்னொச்சென்ட்டிக்குக் கொண்டுபோய் விட்டது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் அது. பிராத்தோ நகரத்து வணிகர் ஃபிரான்செஸ்கோ தத்தீனி 1410இல் இறந்தபோது, இப்படி ஒரு இல்லத்துக்காக உயிலில் 1,000 ஃபுளோரின் எழுதி வைத்தார். 1419இல் வேலை தொடங்கியது. வரைந்தவர் புருனெல்லெஸ்கி, பேராலயத்தின் பெரிய குவிமாடத்தைக் கட்டிய அதே ஆள். பொறுப்பெடுத்து நடத்தியது பட்டு வணிகர் சங்கம். பொற்கொல்லர்களும் அந்தச் சங்கத்துக்குள்தான் வருவார்கள். பொற்கொல்லராகப் பயின்ற புருனெல்லெஸ்கியும் அதில் உறுப்பினர். 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. ஒரு பெண். அன்று புனித அகத்தாவின் நாள், அதனால் அகத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள்.

அந்த இல்லத்தின் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. என்றைக்கு, எந்த வேளையில் குழந்தை வந்தது, என்ன துணியில் சுற்றியிருந்தது, கூட என்ன வைத்திருந்தார்கள், சீட்டு ஏதாவது இருந்ததா, எந்தச் செவிலித்தாய்க்குக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றும் எழுதியிருக்கிறது. துணியைப் பற்றி ஏன் அவ்வளவு விவரம் என்றால், என்றைக்காவது தாயோ தகப்பனோ திரும்பி வந்து கேட்டால் அடையாளம் காட்டத்தான். அந்தப் பதிவேடுகளைப் பற்றிப் படித்த வாரம் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பெரும்பாலான குழந்தைகளைத் தேடி யாரும் வரவில்லை. செவிலித்தாயிடம் கிராமத்துக்குப் போன குழந்தைகளில் பாதிக்கு மேல் இறந்துபோன ஆண்டுகள் உண்டு. பிழைத்து வந்த பெண் பிள்ளைகளுக்கு நூற்கவும் நெய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். வளர்ந்ததும் ஏதாவது வீட்டில் வேலைக்கு அனுப்பினார்கள். சில வருடம் வேலை செய்தால் முடிவில் சீதனம் கொடுத்துக் கல்யாணம் செய்துவைப்பதாக ஒப்பந்தம்.

என் கதெரீனா அங்கிருந்து வந்தவள். 1462 நவம்பர் 25, புனித கதெரீனாவின் நாள். அந்தப் புனிதையின் சின்னம் சக்கரம். நூற்கிற பெண்கள் தங்கள் காவலாக அவரைக் கும்பிட்டார்கள். நான் அவளுக்காக எழுதிய பதிவேட்டுக் குறிப்பு இவ்வளவுதான்: "இரவு இரண்டாம் மணி. பெண். பிறந்து இரண்டு நாள் இருக்கலாம். பழைய கம்பளித் துண்டு, ஒரு ஓரம் கிழிந்தது. கழுத்தில் சிவப்பு நூலில் பாதி நாணயம். சீட்டு இல்லை."

அவளுடைய பெயருக்குப் பின்னால் 'தி' கிடையாது. 'தெல்யி இன்னொச்சென்ட்டி', அதாவது மாசற்றவர்களைச் சேர்ந்தவள், அவ்வளவுதான். நம் ஊரில் பள்ளிக்கூடத்துப் படிவத்தில் இனிஷியல் கட்டத்தை நிரப்பாமல் கொடுத்தால் எழுத்தர் நிமிர்ந்து பார்ப்பார் இல்லையா, அந்தப் பார்வையை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருப்பாள்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகவே எழுதிவிடுகிறேன். மாநிறத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் எப்படி இத்தாலியப் பெண்ணாக இருக்க முடியும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் அன்பாகத்தான். எஸ்சிஏவில் யாரும் யாராகவும் இருக்கலாம், அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் எனக்கு விளக்கம் வேண்டியிருந்தது. 1348 பெருங்கொள்ளை நோயில் ஃபுளோரன்ஸ் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் போனது. வீட்டு வேலைக்கு ஆள் இல்லை. 1360களில் அந்த நகரம் வெளிநாட்டு அடிமைகளைக் கொண்டுவர அனுமதி கொடுத்தது. கருங்கடல் துறைமுகங்களிலிருந்து தாத்தாரியப் பெண்களும் சர்க்காசியப் பெண்களும் ஜெனோவா, வெனிஸ் கப்பல்களில் வந்தார்கள், பலர் பதின்வயதுப் பிள்ளைகள். விற்பனைப் பத்திரங்களில் உயரம், தோலின் நிறம், முகத்துத் தழும்பு, அம்மை வடு வரை எழுதியிருக்கிறார்கள். ஆலிவ் நிறம் என்ற சொல் மறுபடி மறுபடி வரும். அந்தப் பெண்களுக்கு வீட்டு எஜமானர்களாலும் மற்றவர்களாலும் பிறந்த குழந்தைகள் பலர் இன்னொச்சென்ட்டியின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். தாய் அடிமை என்று பதிவேட்டிலேயே இருக்கும்.

அப்படியானால் அந்த நகரத்தில் என்னைப் போன்ற முகம் கொண்ட ஒருத்தி நடமாடியிருக்க முடியும். அதற்கு மேல் நான் போகவில்லை. ஆரம்பத்தில் கதெரீனாவின் அம்மாவுக்கு ஒரு கதை எழுதினேன். காஃபா துறைமுகம், கப்பல், பணக்கார வீடு என்று மூன்று பக்கம். படித்துப் பார்த்துவிட்டு நீக்கினேன். கதெரீனாவுக்குத் தெரியாததை நான் ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? அம்மாவைப் பற்றி அவளிடம் இருப்பது ஒரு பாதி நாணயம், ஒரு கிழிந்த துண்டைப் பற்றி யாரோ எழுதிய ஒரு வரி. அந்த வெற்றிடத்தை நான் கதையால் அடைத்தால், அந்த வாசலில் விடப்பட்ட நிஜமான பிள்ளைகள் வாழ்ந்த வாழ்க்கையை விட்டு விலகிப் போகிறேன் என்று தோன்றியது. அதனால் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. யாராவது "உன் அம்மா யார்?" என்று கேட்டால், "தெரியாது" என்பாள். அப்படிச் சொல்வதற்கு எனக்கு முதலில் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பெர்சோனா செய்வதில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயமே இதுதான். சேர்ப்பது சுலபம், எடுப்பதில்தான் அந்த ஆள் உருவாகிறாள். 1488இல் இருப்பவளிடமிருந்து என்னென்ன எடுக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அமெரிக்கா இல்லை, கொலம்பஸ் இன்னும் கிளம்பவில்லை. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வர இன்னும் பத்து வருடம். சவோனரோலா என்ற துறவி ஊரை விட்டுப் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்து, 1497இல் ஆடம்பரப் பொருள்களைக் குவித்து எரிக்கப்போவது அவளுக்குத் தெரியாது. மைக்கேலாஞ்சலோ அந்த வருடம் ஏப்ரலில் ஓவியர் கிர்லாந்தாயோவின் பட்டறையில் சேர்ந்த 13 வயதுப் பையன். தெருவில் எதிரே வந்தாலும் அவளுக்கு யாரோ ஒரு பையன்தான்.

அவளுக்குத் தெரிந்தது வேறு. 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, பேராலயத்துக்குள் ஜூலியானோ மெடிச்சியைக் குத்திக் கொன்றதும், சதிகாரர்களை அரண்மனை ஜன்னல்களிலிருந்து தூக்கில் தொங்கவிட்டதும் தெரியும். அவளுக்கு அப்போது 15 வயது. அப்புறம் ஒட்டகச்சிவிங்கி. 1487 நவம்பரில் எகிப்து சுல்தான் லொரென்சோ மெடிச்சிக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கியைப் பரிசாக அனுப்பினார். ஊரே திரண்டு பார்த்தது. மாடி ஜன்னலில் நின்றவர்கள் கையிலிருந்து தீனி வாங்கித் தின்றது. கொஞ்ச நாளிலேயே இறந்துபோனது. லொரென்சோ என்ன ராஜதந்திரம் செய்தார் என்று நூல் சுற்றும் ஒருத்தி பேசமாட்டாள். ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி வருடக்கணக்காகப் பேசுவாள். பென்சிக்கில் நான் அதிகம் சொன்ன கதை அதுதான். சின்னப் பிள்ளைகள் கூட்டமாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

சாப்பாட்டில் எடுத்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது. தக்காளி கிடையாது, மிளகாய் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, மக்காச்சோளம் கிடையாது. தக்காளி இல்லாத இத்தாலியச் சமையலா என்று எல்லோரும் கேட்பார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, கீரை, வெங்காயம், பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொண்டைக்கடலை. அப்புறம் காராமணி. இன்று டஸ்கனியில் பிரபலமாக இருக்கும் வெள்ளை பீன்ஸ் எல்லாம் அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தவை. அதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் பீன்ஸ் என்று சொன்னது கண் வைத்த பயறை. நம் வீட்டில் இருக்கும் அதே காராமணி. அதை ஊறவைத்து, மண்சட்டியில் பூண்டும் சேஜ் இலையும் போட்டு வேகவைத்து, கடைசியில் மிளகைத் தட்டிப் போட்டேன். வாயில் வைத்ததும் பாட்டியின் காராமணிச் சுண்டல் மணம். அப்போதுதான் உறைத்தது: 1488இல் ஆரணியிலும் மிளகாய் கிடையாது. போர்த்துகீசியர் வந்த பிறகுதான் அது நம்மிடம் வந்தது. அந்த வருடம் நம் பக்கத்துச் சட்டியிலும் மிளகுதான், ஃபுளோரன்ஸ் சட்டியிலும் மிளகுதான். அந்த மிளகும் மலபாரிலிருந்து அலெக்சாந்திரியா, வெனிஸ் வழியாகப் போனதுதான். கதெரீனா ஒரு சிட்டிகைக்கு மேல் போடமாட்டாள்; விலை அப்படி.

மணியையும் எடுத்துவிட்டேன். அங்கே நாள் முடிவது நள்ளிரவில் இல்லை, சூரியன் மறையும்போது. அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று 24 வரை எண்ணுவார்கள். பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் கையால் வேலை செய்கிறவளுக்குத் தேவை, அதை இந்த மணி நேராகச் சொல்லிவிடும். ஸ்லிப்பரி ராக்கும் ஃபுளோரன்ஸும் அட்சரேகையில் அவ்வளவு தூரம் இல்லை, அதனால் ஆகஸ்ட் மாதப் பொழுது ஏறக்குறைய ஒத்துப்போகும். முதல் மூன்று நாள் தடுமாறும். நாலாவது நாள் வெளிச்சத்தைப் பார்த்தே இருபதாம் மணி என்று தெரிந்துவிடும். வருடப் பிறப்பும் வேறு: மார்ச் 25. நம் கணக்கில் 1488 பிப்ரவரி என்பது அவளுக்கு 1487தான்.

உடையைக் கடைசியில்தான் தொட்டேன். கிர்லாந்தாயோ சரியாக அந்த வருடங்களில்தான் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்தார். பணக்காரச் சீமாட்டிகள் நடுவில் நிற்பார்கள். நான் பார்த்தது ஓரத்தில் இருக்கும் பணிப்பெண்களை. யோவான் பிறந்த காட்சியில், தலையில் பழக்கூடையோடு ஒருத்தி வேகமாக உள்ளே வருவாள். இன்னும் இருவர் குழந்தையோடு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே லினன் சட்டை, அதன் பெயர் கமீச்சா. மேலே கம்பளி கவுன், அது கமுர்ரா. கை தனியாக, நாடாவால் கட்டிக்கொள்வது. கல்யாணமானவள் என்பதால் தலைக்குத் துணி. என் கமுர்ரா வெளிர் நீலம். பியெரோ வோட் என்ற செடியில் நீலம் எடுக்கும் சாயக்காரன் ஆயிற்றே. வோட் இலையில் இருப்பதும் நம் அவுரியில் இருக்கும் அதே நீலம்தான், அளவு குறைவு. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். நாற்றம் மட்டும் மூன்று நாள் கைவிட்டுப் போகாது.

முன்பக்கம் நாடா கோக்க 24 துளைகள். அதற்குத் துணியை வெட்டக் கூடாது. குத்தூசியை மெதுவாகத் திருகி உள்ளே விட்டால், இழைகள் அறுந்துபோகாமல் விலகி வழிவிடும். அந்த வட்டத்தைச் சுற்றி, தேன்மெழுகில் இழுத்த லினன் நூலால் நெருக்கமாகத் தைத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் குத்தூசியை மறுபடி விட்டு வாயைப் பெரிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். ஒரு துளைக்கு இருபது நிமிடம். முதல் ஆறு துளை கோணலாக வந்தது. அவற்றைப் பிரிக்கவில்லை, அப்படியே இருக்கின்றன. பதினைந்தாவது துளைக்கு வந்தபோது, கை தானாகப் போய்க்கொண்டிருந்தது, நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் என்று பிறகு யோசித்தால், நாளைக்குக் கொடுக்க வேண்டிய பட்டின் எடை. அது என் கவலை இல்லை, அவள் கவலை. அந்த இரவுதான் அவள் முதன்முதலாக என்னிடம் வந்தாள் என்று சொல்வேன்.

கம்பளி உடைதான், ஆகஸ்ட் வெயில்தான். மயக்கம் வரவில்லை. உள்ளே இருக்கும் லினன் வியர்வையை வாங்கிக்கொள்கிறது, காற்று அதை உலர்த்துகிறது. அந்த மூத்த அம்மா என் துளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்று காலை என்ன சாப்பிட்டாய், மோனா கதெரீனா?" என்றார். மோனா என்பது அங்கே கல்யாணமானவளைக் கூப்பிடும் மரியாதைச் சொல். "நேற்று மிஞ்சிய காராமணி. நான்தான் சமைத்தேன்" என்றேன். இன்று வெள்ளிக்கிழமை, இறைச்சி கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். மாலை வரை இருவரும் நூல் சுற்றினோம். இடது கை ஆட்காட்டி விரலில், முதல் கணுவுக்கு மேலே, லேசாகச் சிவந்து ஒரு கோடு விழுந்திருந்தது. அதை போட்டோ எடுக்க வேண்டும் என்று தோன்றியது, எடுக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு வயது கூடுவது போல அவளுக்கும் கூட்டுகிறேன். 1484இல் தொடங்கினேன், இப்போது 1488. வரும் கோடையில் 1489 ஆகஸ்ட். அந்த மாதம் 6ஆம் தேதி, ஃபிலிப்போ ஸ்ட்ரோஸி என்ற வங்கியாளர் தன் பெரிய மாளிகைக்கு அஸ்திவாரக் கல் போட்டார், ஜோதிடரிடம் நேரம் குறித்து வாங்கி. எதிரே மருந்துக்கடை வைத்திருந்த லூக்கா லந்தூச்சி, இடிக்கிற புழுதியும் கோவேறு கழுதைகளின் கூட்டமும் தாங்க முடியவில்லை என்று தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்று காலை திரிபால்தோ தெ ரோஸி என்ற ஃபுளோரன்ஸ்காரர் அந்த வழியாகப் போனார். அஸ்திவாரக் குழிக்குள் ஒரு நாணயம் போட்டார். பிள்ளைகளை வீட்டிலிருந்து வரவழைத்து, மகனைத் தூக்கிப் பிடித்துக் குழிக்குள் பார்க்கச் சொன்னார். பையன் கையில் வைத்திருந்த டமாஸ்க் ரோஜாக்களை உள்ளே போட்டான். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்வாய் அல்லவா என்று அப்பா கேட்டதும், வைத்துக்கொள்வேன் என்று பையன் சொன்னதும் அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது.

கதெரீனாவும் அன்று அங்கே போவாள். ஊர் முழுக்கப் பேசிய விஷயத்தை அவள் மட்டும் ஏன் பார்க்காமல் இருக்கப்போகிறாள். நாணயம் போட மாட்டாள். கூலிக் காசு வீட்டுக்கு வேண்டும். கழுத்தில் கிடக்கும் பாதியைக் கழற்றவும் மாட்டாள். ரோஜா போடலாம். பால்கனியில் இரண்டு தொட்டியில் டமாஸ்க் ரோஜா வைத்திருக்கிறேன். ஒன்று துளிர்த்துவிட்டது. இந்த ஊர்க் குளிரில் ஆகஸ்ட் வரைக்கும் பூ தங்க வைப்பது எப்படி என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.